பதினோரு வெற்றிகள் எங்கிருந்து வந்தன?

2012 அக்டோபர் 3, புதன்கிழமை பகல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓக்லாந்து நகரில் பேஸ்பால் சீசனின் கடைசி ஆட்டம் நடக்கிறது. ஓக்லாந்து அத்லெட்டிக்ஸை எதிர்த்து ஆடுவது டெக்சஸ் ரேஞ்சர்ஸ், முந்தைய இரண்டு ஆண்டுகளும் உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டி வரை போன அணி. இரண்டு அணிகளும் 161 ஆட்டங்களில் 93 வெற்றிகள் என்று சமமாக நிற்கின்றன. இன்று ஜெயிப்பவருக்குத்தான் டிவிஷன் பட்டம், அதாவது லீகுக்குள் தங்கள் பிரிவின் முதலிடம்.

ரேஞ்சர்ஸ் 5-1 என்று முன்னே போய்விட்டது. நான்காவது இன்னிங்ஸில் ஓக்லாந்து விடாமல் அடித்து 5-5 ஆக்கியது. அப்புறம் உயரே எழும்பிய ஒரு சாதாரணப் பந்தை ரேஞ்சர்ஸின் நட்சத்திர வீரர் ஜாஷ் ஹாமில்டன் கையில் வாங்கித் தவறவிட்டார். அதில் இரண்டு ரன்கள். முடிவு 12-5. ஜூன் கடைசியில் ரேஞ்சர்ஸுக்கு 13 ஆட்டங்கள் பின்னால் கிடந்த அணி அது. அந்த சீசனில் ஓக்லாந்து முதலிடத்தில் தனியாக நின்ற ஒரே நாள் அந்தக் கடைசி நாள்தான்.

அதே நாளில் நாட்டின் மறுகோடியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி டாம்பா பேயிடம் 4-1 என்று தோற்றது. தோற்றாலும் கவலையில்லை, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 93 வெற்றி, 69 தோல்வி. முந்தைய ஆண்டு அதே அணி எடுத்தது 69 வெற்றி, 93 தோல்வி. எண்ணை அப்படியே கவிழ்த்துப் போட்டதுபோல ஒரு சீசன். 1998 முதல் 2011 வரை பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம் என்று கிடந்த ஊருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓக்லாந்தின் மேனேஜர் பாப் மெல்வின். பால்டிமோரின் மேனேஜர் பக் ஷோவால்டர். பெரிய லீக் பேஸ்பாலின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் அந்த ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது யாருக்கு என்ற விவாதம் இந்த இருவரைச் சுற்றித்தான் நடந்தது. எனக்குத் தெரிந்து, இந்த விருது உண்மையில் எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல விவாதம் இல்லை.

முதலில் விருதைப் பற்றிக் கொஞ்சம். 1983 முதல் அமெரிக்காவின் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் இதைக் கொடுத்து வருகிறது. அமெரிக்கன் லீகுக்கு ஒருவர், நேஷனல் லீகுக்கு ஒருவர். ஒவ்வோர் அணியின் ஊரிலிருந்தும் இரண்டு எழுத்தாளர்கள் வாக்களிப்பார்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. முக்கியமான விதி இன்னொன்று: பிளேஆஃப் தொடங்குவதற்கு முன்பே வாக்குச்சீட்டு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அக்டோபரில் யார் கோப்பையைத் தூக்கினாலும் அது கணக்கில் வராது. நவம்பரில் முடிவை அறிவிக்கும்போது ஊரே உலகத் தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விருதோ செப்டம்பரோடு நின்றுபோன ஒரு கதைக்குக் கிடைத்திருக்கும்.

இந்த விதியால் வந்த விளைவுகளைப் பாருங்கள். புரூஸ் போச்சி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு 2010, 2012, 2014 என்று மூன்று உலகப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். பிறகு 2023இல் ரேஞ்சர்ஸுக்கு ஒன்று. நான்கு பட்டம் வென்ற அவருக்கு இந்த விருது கிடைத்தது ஒரே ஒரு முறை, 1996இல், சான் டியாகோவில் இருந்தபோது. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் டேவ் ராபர்ட்ஸ் 2016இல், தன் முதல் ஆண்டிலேயே விருதை வாங்கினார். அதற்குப் பிறகு 2020, 2024, 2025 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றும் இன்னொரு முறை கிடைக்கவில்லை. மறுபுறம் 2006இல் ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியை நடத்திய ஜோ ஜிரார்டி. அணி 78 வெற்றி, 84 தோல்வி. ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற அணியின் மேனேஜருக்கு விருது! அதிலும், விருது அறிவிப்பு வருவதற்கு முன்பே அணி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

காரணம் எளிது. சம்பளம் அதிகம் கொடுத்து நட்சத்திரங்களைக் குவித்த அணி 100 ஆட்டங்கள் ஜெயித்தால், "அவ்வளவு ஆட்களை வைத்துக்கொண்டு ஜெயிக்காமல் இருப்பாரா?" என்று விட்டுவிடுவார்கள். 70 வெற்றிகூடத் தேறாது என்று சீசன் தொடக்கத்தில் கைகழுவப்பட்ட அணி 90 எடுத்தால், மேனேஜர்தான் காரணம் என்று முடிவு கட்டுவார்கள். மார்ச் மாதம் நாம் போட்ட கணக்குக்கும் செப்டம்பரில் வந்த முடிவுக்கும் இடையிலுள்ள இடைவெளி, அதுதான் இந்த விருதின் அளவுகோல். நம் கணிப்பு எவ்வளவு தவறிப்போனதோ அவ்வளவு பெருமை மேனேஜருக்கு. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. கணிப்பு தவறியதற்கு மேனேஜர் மட்டும் காரணமில்லை. அணித் தேர்வு செய்த பொது மேலாளர் இருக்கிறார், எதிர்பாராமல் மலர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே அதிர்ஷ்டம் இருக்கிறது. இவற்றிலிருந்து மேனேஜரின் பங்கை எப்படிப் பிரித்தெடுப்பது?

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பால் மேனேஜர் என்பவர் அலுவலக மேலாளர் அல்ல. கிரிக்கெட்டில் கேப்டன் மைதானத்தில் நின்று செய்யும் வேலையைத்தான் இவர் மைதானத்தின் ஓரத்தில் அணி உட்காரும் டக்அவுட்டில் இருந்து செய்கிறார், அதுவும் வீரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டு. இன்று யார் ஆடுவது, எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து வீசுகிறவரை எப்போது மாற்றுவது, ஆட்டத்தின் நடுவில் யாருக்குப் பதில் யாரை இறக்குவது, எல்லாம் இவர் கையில். ஒருமுறை வெளியே எடுத்த வீரரை அந்த ஆட்டத்தில் மறுபடி இறக்க முடியாது என்பதால் ஒவ்வொரு மாற்றமும் செலவழித்த காசு மாதிரி. ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். யாருக்கு ஓய்வு, யாருடைய தோள்பட்டை இன்னும் தாங்கும், மூன்று நாளாக உட்கார வைக்கப்பட்டவர் மனம் எப்படி இருக்கிறது என்பதும் இவர் கவலைதான்.

சரி, ஷோவால்டரின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம்.

2012இல் பால்டிமோர் ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த 38 ஆட்டங்களில் 29இல் ஜெயித்தது. நவீன காலத்தில் வேறெந்த அணிக்கும் அமையாத விகிதம் இது. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் சமனில் முடிந்து கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன ஆட்டங்களில் முதல் இரண்டில் தோற்றது. அப்புறம் வரிசையாகப் பதினாறில் ஜெயித்தது. ஏழு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 74 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடவில்லை.

மே 6, பாஸ்டன். ஆட்டம் பதினாறாவது இன்னிங்ஸுக்குப் போகிறது. ஷோவால்டரிடம் பந்து வீச ஆளில்லை. அன்று எட்டு முறை மட்டை பிடித்து எட்டு முறையும் ஆட்டமிழந்த கிரிஸ் டேவிஸ் என்ற பேட்டரைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தார். டேவிஸ் இரண்டு இன்னிங்ஸ் வீசினார், ரன் எதுவும் கொடுக்கவில்லை. பாஸ்டனும் ஆள் தீர்ந்துபோய் ஒரு ஃபீல்டரையே வீசவிட்டது; அவர் பந்தை ஆடம் ஜோன்ஸ் வேலிக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்து 9-6. இந்த அணிக்கு இந்த ஆண்டு ஏதோ ஆகிவிட்டது என்று பலர் நினைக்கத் தொடங்கியது அன்றுதான்.

முதல் பந்திலிருந்து வீசத் தொடங்கும் ஸ்டார்ட்டர் பிட்சர்கள் விஷயத்தில் பால்டிமோர் பஞ்சப்பட்டது. ஆண்டு முழுக்கத் தாங்கியவர் தைவானைச் சேர்ந்த வெய்-யின் சென் ஒருவர்தான். மற்ற இடங்களுக்கு மெக்சிகோவின் குளிர்கால லீகில் ஆடியவர் உட்படப் பதினோரு பேரை முயன்று பார்த்தார்கள். கீழ்மட்ட அணியான நார்ஃபோக்குக்கும் பால்டிமோருக்கும் இடையே பிட்சர்கள் பேருந்து மாறுவதுபோலப் போய்வந்துகொண்டே இருந்தார்கள். ஆகஸ்டில் மேனி மச்சாடோ என்ற இருபது வயதுப் பையனை இரண்டு படி கீழே இருந்து நேராகக் கொண்டுவந்து, அவன் பழகிய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்தாமல் மூன்றாம் பேஸில் நிறுத்தினார்கள். அதுவும் பலித்தது.

இதையெல்லாம் படித்தால் யாருக்கும் ஷோவால்டருக்கே விருது என்றுதான் தோன்றும். இங்கேதான் கணக்குப் பார்ப்பவர்கள் குறுக்கே வந்தார்கள்.

பேஸ்பால் புள்ளியியலின் முன்னோடி பில் ஜேம்ஸ் கொடுத்த ஒரு சூத்திரம் உண்டு. அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் விட்டுக்கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை சதவீத ஆட்டங்கள் ஜெயித்திருக்க வேண்டும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பால்டிமோர் ஆண்டு முழுக்க எடுத்தது 712 ரன்கள், கொடுத்தது 705. வித்தியாசம் வெறும் ஏழு. சூத்திரப்படி 82 வெற்றிதான் வரவேண்டும். வந்ததோ 93. பதினோரு வெற்றிகள் எங்கிருந்தோ கூடுதலாக முளைத்திருக்கின்றன.

ஓக்லாந்து எடுத்தது 713, கொடுத்தது 614. சூத்திரம் சொல்வது 93 வெற்றி, வந்தது 94. அதாவது ஓக்லாந்து உண்மையிலேயே நல்ல அணி. பால்டிமோர் நடுத்தர அணி. அதற்கு எல்லாம் நேரத்துக்கு நேரம் கூடிவந்தது.

அந்தப் பதினொன்றை வைத்துத்தான் சண்டையே. ஒரு தரப்பு சொன்னது: ஒரு ரன் ஆட்டங்கள் நாணயம் சுண்டுவது மாதிரி, இந்த ஆண்டு தலை விழுந்தது, அடுத்த ஆண்டு பூ விழும், இதற்கா விருது? மறு தரப்பு சொன்னது: திறமையான வீரர்களால் விளைந்த வெற்றிகள் ரன் கணக்கிலேயே வந்துவிடுகின்றன, அதற்கு மேல் வந்த பதினொன்றுதான் மேனேஜர் சம்பாதித்தது.

இரண்டாவது தரப்பின் வாதத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. புல்பென் என்று சொல்லப்படும் மாற்றுப் பிட்சர்கள் படையை மேனேஜர் எப்படிச் செலவழிக்கிறார் என்பதைப் பொறுத்து ரன் வித்தியாசமே மாறும். ஏழு ரன் பின்னால் இருக்கும் ஆட்டத்தில் நல்ல பிட்சரை வீணாக்காமல், கடைசி ஆளை வீசவிட்டு அடி வாங்க வைக்கலாம். அன்று இன்னும் நான்கு ரன் கூடப் போகும், ரன் கணக்கு அசிங்கமாகும். ஆனால் மறுநாள் 3-2 என்று இழுபறியில் நிற்கும் ஆட்டத்துக்கு டேரன் ஓடேவும், அந்த ஆண்டு 51 ஆட்டங்களை முடித்துக் கொடுத்த ஜிம் ஜான்சனும் புத்துணர்ச்சியோடு இருப்பார்கள். ஷோவால்டர் இதைக் கருத்தாகச் செய்தார். தன் பிட்சர்களை அளவுக்கு மீறி வீச வைக்காதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். ஆகவே அந்தப் பதினொன்றில் அவருக்கு ஒரு பங்கு நிச்சயம் உண்டு. பதினொன்றும் அவருடையதா என்றால், இல்லை.

இப்போது ஓக்லாந்துக்குப் போவோம். சீசன் தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில் பொது மேலாளர் பில்லி பீன் தன் சிறந்த பிட்சர்களை விற்றுத் தீர்த்திருந்தார். கியோ கான்சலஸ் வாஷிங்டனுக்குப் போனார், அங்கே அந்த ஆண்டு 21 வெற்றிகள் அவர் பெயரில் சேர்ந்தன. டிரெவர் கேஹில் அரிசோனாவுக்கு. ஆட்டத்தை முடித்துவைக்கும் ஆண்ட்ரூ பெய்லி பாஸ்டனுக்கு. சம்பளப் பட்டியலில் ஓக்லாந்து லீகின் அடிமட்டத்தில் கிடந்தது. நூறு ஆட்டங்கள் தோற்கும் என்று சொன்னவர்கள்கூட உண்டு.

சரி, இருப்பதைக் கொண்டு ஓட்டலாம் என்றால், ஆகஸ்டில் பார்ட்டோலோ கொலோன் ஊக்கமருந்துக்காக 50 ஆட்டத் தடைக்குப் போனார். செப்டம்பர் 5 அன்று, அணியின் மூத்த பிட்சர் பிரான்டன் மெக்கார்த்தி தலையில் நேராக அடிக்கப்பட்ட பந்து பட்டு மண்டையோட்டில் விரிசல். மூளை அறுவை சிகிச்சை வரை போனது. இரண்டு வாரத்தில் பிரெட் ஆண்டர்சன் காயமடைந்தார். பட்டப் போட்டியின் உச்சத்தில், ஸ்டார்ட்டர்களாக மெல்வினுக்கு மிஞ்சியவர்கள் அத்தனை பேரும் லீகின் அறிமுக ஆண்டுக்காரர்கள். ஜாரட் பார்க்கர், டாமி மிலோன், ஏ.ஜே. கிரிஃபின், டான் ஸ்ட்ரெய்லி என்று அன்று பலருக்கு அறிமுகமில்லாத பெயர்கள். அந்த ஆண்டு ஓக்லாந்தின் புதுமுகப் பிட்சர்கள் சேர்ந்து 54 வெற்றிகள் எடுத்தார்கள். லீக் வரலாற்றில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

மட்டை பிடிக்கும் பக்கம் இன்னும் சுவாரசியம். இடக்கை பேட்டருக்கு வலக்கைப் பிட்சரை எதிர்கொள்வது சுலபம், வலக்கை பேட்டருக்கு இடக்கைப் பிட்சரை எதிர்கொள்வது சுலபம். இது பேஸ்பாலின் பழைய பாடம். மெல்வின் இந்தப் பாடத்தை ஒரு சீசன் முழுக்க விடாமல் நடத்திக் காட்டினார். முதல் பேஸில் எதிரணிப் பிட்சர் வலக்கை என்றால் பிரான்டன் மாஸ், இடக்கை என்றால் கிரிஸ் கார்ட்டர். பந்து பிடிக்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் இடத்தில் ஒருநாள் செத் ஸ்மித், மறுநாள் ஜானி கோம்ஸ். தனித்தனியாகப் பார்த்தால் எவரும் நட்சத்திரம் இல்லை. இரண்டு பேரைச் சேர்த்தால் ஒரு நல்ல வீரர் கிடைத்தார். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்ற கேட்சர் வேலையில் வளர்ந்த ஜாஷ் டொனால்ட்சன் மூன்றாம் பேஸுக்கு மாறினார். முதல் பேஸ்மேனாக இருந்து பிட்சராக மாறிய ஷான் டூலிட்டில் ஜூனில் வந்து புல்பெனின் தூணானார்.

இந்த யோசனையில் பாதி பில்லி பீனுடையது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் நேற்று ஹோம் ரன் அடித்தவனைக் கூப்பிட்டு, "இன்று நீ உட்கார், எதிரில் இடக்கைப் பிட்சர்" என்று சொல்லி, அவன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது பொது மேலாளரின் வேலை இல்லை. பெரிய லீகுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தினமும் ஆடத்தான் ஆசை; சம்பளமும் எதிர்காலமும் அதில்தான் இருக்கிறது. ஆறு மாதம் அப்படி ஓர் அணியை ஓட்டியும் பெரிதாக முணுமுணுப்பு கிளம்பாமல் பார்த்துக்கொண்டாரே, நான் மெல்வினை மிகவும் மதிப்பது அதற்காகத்தான்.

நவம்பரில் முடிவு வந்தது. மெல்வினுக்கு 116 புள்ளி, ஷோவால்டருக்கு 108. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் 14 அணிகள், ஆகவே 28 வாக்குகள். முதலிட வாக்கு மெல்வினுக்கு 16, ஷோவால்டருக்கு 12. கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும்: 28 சீட்டுகளிலும் முதல் இரண்டு இடங்களில் இவர்கள் இருவர் பெயர் மட்டுமே இருந்திருக்கிறது. மூன்றாமவருக்கு ஒரே ஒரு இரண்டாமிட வாக்குகூட விழவில்லை. இரண்டே இரண்டு எழுத்தாளர்கள் மனம் மாறி வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தால் 112-112 என்று சமன்.

இதில் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைப்பது வேறொன்று. மெல்வின் இதே விருதை 2007இல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் மேனேஜராக நேஷனல் லீகில் வாங்கியிருந்தார். அந்த அரிசோனா அணி எடுத்தது 712 ரன்கள், கொடுத்தது 732. எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம்! சூத்திரப்படி 79 வெற்றி. வந்தது 90. அதாவது 2012இல் பால்டிமோருக்குக் கிடைத்த அதே கூடுதல் பதினொன்று. 2007இல் அந்தப் பதினொன்றைக் காட்டி வென்றவர், 2012இல் அந்தப் பதினொன்றைக் காட்டியவரைத் தோற்கடித்தார். ஐந்தே ஆண்டுகளில் வாக்காளர்களின் அளவுகோல் மாறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு முறையும் அவர்கள் பார்த்தது ஒன்றைத்தான்: எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள தூரம். 2012இல் இருவருமே நெடுந்தூரம் வந்திருந்தார்கள். கடைசி நாளில் டிவிஷனையே பறித்த கதை தராசை ஓக்லாந்து பக்கம் சாய்த்தது. பால்டிமோரோ தன் டிவிஷனில் நியூயார்க் யாங்கீஸுக்கு இரண்டு ஆட்டங்கள் பின்னால், இரண்டாமிடம்.

எனக்கு வாக்கு இருந்திருந்தால் மெல்வினுக்கே போட்டிருப்பேன், ஆனால் கடைசி நாள் கதைக்காக அல்ல. இறுக்கமான ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் மேனேஜர் டக்அவுட்டிலிருந்து எழுந்து நடந்துபோய்ப் பிட்சரை மாற்றுவது எல்லார் கண்ணிலும் படுகிறது. மாலை மூன்று மணிக்குச் சுவரில் ஒட்டும் ஆட்டக்காரர் பட்டியல் யார் கண்ணிலும் படுவதில்லை. ஷோவால்டரின் உழைப்பு 29-9 என்ற எண்ணில் பளிச்சென்று தெரிந்தது. மெல்வினின் உழைப்பு 713-614 என்ற ரன் கணக்குக்குள் கரைந்துபோனது. அதை வீரர்களின் திறமை என்று எழுதிவிட்டுப் போய்விட்டோம். மாஸையும் கார்ட்டரையும் மாற்றி மாற்றி இறக்கியதால் வந்த ரன்கள் அந்த 713க்குள்தான் இருக்கின்றன. மெக்கார்த்தி விழுந்த பிறகும் பதறாமல் வீசிய புதுமுகங்களால் தடுக்கப்பட்ட ரன்களும் அந்த 614க்குள்தான். சூத்திரத்தை மிஞ்சியது மட்டும்தான் மேனேஜரின் பங்கு என்பது, சமையலில் உப்பு மட்டும்தான் சமைத்தவர் போட்டது என்பது போன்ற கணக்கு.

அடுத்த ஆண்டு பால்டிமோர் ஒரு ரன் ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. அதே ஷோவால்டர், அதே ஜான்சன். நாணயம் சுண்டுகிறவர்கள் சொன்னது பெரும்பாலும் சரி என்று ஆனது. இருந்தும் அணி 85 வெற்றிகள் எடுத்தது. பழைய பள்ளத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஓக்லாந்து 96 வெற்றியோடு மறுபடி டிவிஷனை வென்றது. விருது அந்த முறை கிளீவ்லாந்தின் டெர்ரி ஃபிரான்கோனாவுக்குப் போனது, ஏனென்றால் இப்போது ஓக்லாந்து ஜெயிப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. 2014இல் மச்சாடோவும் கேட்சர் மேட் வீட்டர்ஸும் காயத்தில் போன பிறகும் 96 ஆட்டங்கள் ஜெயித்துக் காட்டிய ஷோவால்டர், தன் மூன்றாவது விருதை வாங்கினார். 2022இல் நியூயார்க் மெட்ஸுக்காக நான்காவது. நான்கும் நான்கு வெவ்வேறு அணிகளில். மெல்வினுக்கு 2018இல் மூன்றாவது கிடைத்தது.

ஷோவால்டரின் முதல் விருது 1994இல், யாங்கீஸில். அந்த ஆண்டு அவர் அணியில் சில ஆட்டங்களே ஆடி, பிறகு வேறு அணிக்குப் போன மாற்றுக் கேட்சர் ஒருவர் இருந்தார். முப்பத்திரண்டு வயது, ஆட்ட வாழ்வின் கடைசி ஆண்டு, பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து மேனேஜர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பெயர் பாப் மெல்வின்.